மூடியில் வைத்த பொட்டு

"சப்மரீனுக்குப் பொட்டு வெச்சது தப்பில்ல மச்சி. வெச்ச எடம்தான் தப்பு."

மந்தைவெளி பேருந்தில் எனக்கு முன்னால் இருவர். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரே பட்டறைக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவரை மற்றவர் பாய் என்றார்.

"புது வண்டிய பூஜை போடாம எறக்குவமா பாய்? ஈசிஆர் பங்களாக்காரரு கடல்ல ஜாலியா சுத்தறதுக்கு செய்யச் சொன்ன பேட்டரி சப்மரீன்தான். இருந்தாலும் வண்டிதான?"

"அதுக்கோசரம் மூடியோட ரப்பர் மேலயா சந்தனத்த அப்புவ? காஞ்சு கட்டியாயிட்ச்சு. மூடி சரியா ஒக்காராது, தண்ணி உள்ள பூந்துரும்."

"நீ பாத்துத் துணியால தொடச்சதாலதான் நான் இப்ப வீட்டுக்குப் போய்க்கினு கீறேன். டெஸ்ட் பண்ண தண்ணித் தொட்டியில எறக்கசொல்ல உள்ள குந்திக்கினு இருந்தது நான்தான?"

"உடு மச்சி."

"எப்டி உடறது? ஊட்ல இன்னும் சொல்லல. சொன்னா என் பொண்டாட்டி உன் கால்லயே உழுந்துருவா."

பாய் சிரித்தபடி வெளியே பார்த்தார். நிறுத்தம் வந்தது. எழுந்தவர் பாயின் தோளில் கை வைத்தார்.

"அடுத்த வண்டிக்கு நீயே பொட்டு வெச்சுடு பாய்."

"நானா? உங்க சாமி ஒத்துக்குமா?"

"துணியும் கையுமா உன்ன அனுப்புனதே அவருதான பாய்."