முதலில் பார்த்தவன்

ஸ்கேன் அறை எப்போதும் குளிராகவே இருக்கும். ஸ்வெட்டர் இல்லாமல் என்னால் அங்கே வேலை பார்க்க முடியாது.

அன்று என் மனைவியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நின்றுபோன இதயத்தை மீட்டுவிட்டார்கள். ஆனால் அவள் கண் திறக்கவில்லை. "மூளைப் படம் வரட்டும், பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் டாக்டர். சொந்தக்காரர்களுக்கு நாங்கள் படம் எடுப்பதில்லை. நானே எடுக்கிறேன் என்று கேட்டபோது யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை.

வெளியே அவள் தம்பி நின்றான்.

"அக்கா சரியான கும்பகர்ணி, மாமா. பாருங்க, எந்திரிச்சதும் முதல்ல என்னைத்தான் திட்டுவா."

அவன் வீட்டுக்குப் போகத்தான் பெட்டியோடு கிளம்பினாள், வாசலில் விழுந்தாள். இனித் திரும்பி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். கோபத்தில் சொன்னது.

படத்தை முதலில் பார்த்தவன் நான். மூளையில் வீக்கம் இல்லை. மடிப்புகள் தெளிவாக இருந்தன. எழுந்து வருகிறவர்களின் படம் அப்படித்தான் இருக்கும்.

அவளுக்குச் சற்று முன்னால் இன்னொரு பெண்ணுக்கு எடுத்திருந்தேன். அவளும் இதயம் நின்று மீண்டவள், ஏறக்குறைய அதே வயது. மூளை முழுக்கச் சேதம். இரண்டு படங்களின் பெயர்களையும் மாற்றினேன். அந்தப் பெண்ணின் தாய்க்கு நல்ல சேதி போனது. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். மகள் கண் விழிக்காததால் ஆஸ்பத்திரியில் மறுபடி படம் எடுத்தார்கள். அதை வைத்துத்தானே நீங்கள் என்னைப் பிடித்தீர்கள்?

டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "இனிமே மீள வழியில்லைங்க. மூச்சு விட வெச்சிருக்கிற குழாயை எடுத்திடலாமா?"

அவள் யாருக்கும் பாரமாக இருக்க விரும்பமாட்டாள் என்றேன்.

குழாயை எடுத்த பிறகும் மாலைவரை மூச்சு விட்டாள்.

"மாமா! அக்கா என் விரலைப் பிடிக்கறா. டாக்டரைக் கூப்பிடுங்க."

"அது தானா நடக்கறதுடா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"நிஜமாவா?"

"தினமும் பார்க்கறவன் சொல்றேன்ல."

நம்பினான். மூச்சுக்குத் திணறுகிறாள், மயக்க மருந்தைக் கூட்டுங்கள் என்று நர்ஸிடம் சொன்னேன். கூட்டினார். பிடி மெல்லத் தளர்ந்தது. அவன் விரலை விடுவித்து, அவள் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். அவள் கஷ்டப்படக் கூடாது என்றுதான் செய்தேன், அதையும் எழுதுங்கள். கடைசிவரை அவள் என்னை விட்டுப் போகவில்லை என்பதையும்.