பழப்பையோடு போன மேனேஜர்

வெறுங்கையோடு யார் வீட்டுக்கும் போகிற பழக்கம் எனக்கு இல்லை, மேடம். ஆப்பிள், மாதுளை, ஒரு சீப்புப் பூவன். துடியலூர்ப் பழக்கடைக்காரர் என் வண்டியைப் பார்த்ததுமே பையை எடுத்துவிடுவார்.

தொழிலாளர் ஆபீசில் இதையெல்லாம் எதற்குச் சொல்கிறான் இந்தத் தனபால் என்று பார்க்கிறீர்கள். எல்லாம் ஒரே கதைதான். எங்கள் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர் பதவிக்கு ஒரு பெண் தேறிவிட்டால், பர்சனல் மேனேஜராகிய நானே அவள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களிடம் சேதி சொல்வேன். நம் பக்கத்து மரியாதை அது.

லோகப்பிரியா வீட்டுக்கும் அப்படித்தான் போனேன். மாமியார் காளியாத்தாள் தங்கமான மனுஷி. வேண்டாம் என்றாலும் விடாமல் சுடச்சுடப் பணியாரம் போட்டார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்: "மருமவளுக்குப் பெரிய பதவிங்க அம்மா. என்ன, ராத்திரி ஷிப்ட்டு இருக்குமுங்க. சுத்தியும் ஆம்பளைங்கதான். நீங்க சரின்னா சரிங்க."

மறுநாள் லோகப்பிரியா வீங்கிய கண்களோடு வந்து, பதவி வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டாள். இப்படி ஏழெட்டுப் பேர். நான் யாரையும் மறுத்ததே இல்லை. பெண் என்பதால் ஒதுக்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டுமே, எதைக் காட்டுவார்கள்?

அவர்களில் பூஜிதா மட்டும் வீட்டில் எதிர்த்துப் பேசிவிட்டாள். புருஷன் கையை முறித்துவிட்டான். பாவம், ஒரு கையால் ஆரஞ்சு உரிக்க முடியாதே என்று ஆஸ்பத்திரிக்குத் திராட்சையாக வாங்கிப் போனேன். இதையெல்லாம் எந்த மேனேஜர் யோசிப்பான்?

லோகப்பிரியா புகார் கொடுத்தபோதுகூட நான் கவலைப்படவில்லை. காளியாத்தாள் சாட்சிக்கு வருவார் என்று நினைக்கவில்லை. நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்: "ஏனுங்க, அந்தப் பதவிக்குப் போன நிதீஷு எங்க வீதிதானுங்க. பொழுதோட ஊட்டுக்கு வந்துடறான். அப்புறம் ராத்திரி ஷிப்ட்டு எங்கீங்க?"

இல்லைதான். அந்தப் பதவிக்கு ராத்திரி ஷிப்ட் என்றைக்குமே இருந்ததில்லை. ஒரு பெண்ணுக்குக் கீழே வேலை பார்ப்பது பசங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். யார் மனசும் நோகாமல் முடித்துவைத்தேன்.

வீட்டாரிடம் போனதற்குப் பதிலாக லோகப்பிரியாவையே நேரில் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள்.

அதெப்படிங்க மேடம்? அந்தப் புள்ளயக் கேட்டா, சரின்னு சொல்லிப்போடுமுங்களே.