மணிக்கட்டில் சொர்க்கம்

இத்தாலியில், ஸ்ஃபெர்ராகவால்லோ போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். நீலச் சட்டைக்காரி திடீரென்று தன் மணிக்கட்டைத் தோழியிடம் நீட்டினாள்.

“சொர்க்கம் எண்டு பச்சை குத்தப்போய் புருசன் எண்டு குத்திப்போட்டான்டி.”

நான் வெளியே பார்த்தபடி காதைக் கொடுத்தேன்.

“என்னடி விசர்க்கதை?”

“அம்மா செத்ததிலையிருந்து ஆசை. தமிழிலை குத்தினா கோயிலிலை எல்லாரும் வாசிப்பினம் எண்டு சீன எழுத்திலை குத்தினன். ஜப்பானிலையும் அதே எழுத்துத்தானாம். ஒரு ஆள் கையையும் காலையும் விரிச்சுக்கொண்டு நிக்கிறார். தலைக்கு மேலை ஒரு கோடு. அந்தக் கோடுதான் வானம், சொர்க்கம்.”

“பிறகு?”

“குத்தினவன் ஆளின்ரை தலையைக் கோட்டுக்கு மேலாலை நீட்டிப்போட்டான். இண்டைக்குக் குடை வாங்கின கடையிலை சீனப் பிள்ளை பாத்துச் சிரிக்குது. தலை வெளியிலை வந்தா ‘மரீத்தோ’வாம், புருசனாம்.”

“அவருக்குத் தெரியுமோ?”

“கேக்காமல் குத்தினதெண்டு அந்த மனுசன் என்னோடை கதைக்கிறதே இல்லை.”

“உங்களுக்காகத்தான் குத்தினனான் எண்டு சொல்லன்.”

“பொய் சொல்லமாட்டன்.”

ஆனாலும் போனை எடுத்தாள். நடந்ததை அப்படியே கணவனிடம் சொன்னாள். மறுமுனையில் வெடித்த சிரிப்பு எனக்கே கேட்டது. பேசி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என்னவாம்?” என்றாள் தோழி.

“அழிக்க வேண்டாமாம். அந்தப் புருசன் வானத்துக்குள்ளை தலையை நீட்டி என்ரை அம்மாவைத்தான் சுகம் விசாரிக்கிறாராம்.”