இலையோடு விட்ட கிளை

ஆவணி இரண்டாம் செவ்வாய், இத்தலாரிலிருந்து ஊட்டி போகும் காலை பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் கணவர் ஊட்டி ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடக்கிறார் என்பதும், இளையவர் அந்தக் கணவரின் தங்கை என்பதும் மூன்றாவது வளைவுக்குள் தெரிந்துவிட்டது.

மூத்தவர்தான் ஆரம்பித்தார். "உசுரு மொதல்ல எங்கிருந்து வந்துச்சுன்னு டாக்டரைக் கேட்டேன். யாருக்கும் தெரியாதுங்கறாரு. வந்த வழியே தெரியாதவரு, உங்கண்ணன் உள்ள இல்லைன்னு மட்டும் எப்படிச் சொல்றாரு?"

"உசுரு இருக்குதுன்னுதானுங்க அண்ணி சொன்னாரு. நெனப்புதான் இல்லையாம்."

"ரெண்டும் வேற வேறயா?"

"அப்படித்தான் போலிருக்குதுங்க."

"கவாத்து வெட்டின தேயிலைச் செடி மொட்டைக் குச்சியா நிக்குது. அதுக்கு நெனப்பு இருக்குதா? எப்பத் துளிர்க்கோணும்னு யாரு சொல்றா?"

"அண்ணன் வெட்டறப்ப ஒரு கிளையை இலையோட விடுவாருல்லங்க, செடி மூச்சு விடட்டும்னு."

"அதைத்தான் இன்னைக்கு அவருகிட்டச் சொல்லப் போறேன். ஆளுக ஒரு கிளைகூட விடாம நம்ம மேல்காடு மொத்தத்தையும் வெட்டிப்புட்டாங்கன்னு."

இளையவர் திடுக்கிட்டார். "வெட்டிப்புட்டாங்களா?"

"இல்ல கண்ணு, சும்மா சொல்லிப் பாக்கத்தான். உள்ள இருந்தாருன்னா அதைக் கேட்டுட்டுப் படுத்திருப்பாரா?"

"நர்ஸம்மா அண்ணனை டென்ஷன் பண்ணக் கூடாதுன்னாங்களே."

"ஆளே இல்லைன்னுட்டு, யாரை டென்ஷன் பண்ணக் கூடாதாம்?"

இளையவர் அண்ணியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்ப நான் சொல்றேனுங்க அண்ணி. நீங்க சொன்னா அண்ணன் முழிச்சிருந்தப்பவே காதுல வாங்க மாட்டாரு."