படகுச் சரிவில் நான் பார்த்தது

வாக்குமூலம் கொடுப்பவர்: பெண், வயது நாற்பத்திரண்டு. தொழில் சலவைக் கடை. பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதி வாங்கப்பட்டன.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடனும் அவருடைய தங்கையுடனும் குடியிருந்துகொண்டு சலவைக் கடை நடத்தி வருகிறேன். என் கணவர் பேருந்து ஓட்டுநர். எல்லோரும் ஊர் சுற்றும் மாதங்களில் அவருக்கு லீவு கிடைக்காது என்பதால், கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் எங்கேயும் சேர்ந்து போனதில்லை. இந்த வருடம் குளிர் ஆரம்பித்த பிறகு லீவு கிடைக்கவே, கடையில் துணி ஏற்றும் வேனிலேயே வடக்குக் கடற்கரைச் சாலையில் போய்வரலாம் என்று கிளம்பினோம். வழியில் ஐஸ்கிரீம் கடை, படகு வாடகைக் கடை எல்லாம் பலகை அடித்து மூடிக் கிடந்தன. என் கணவர், "கூட்டமே இல்ல பாரு, மொத்தக் கடலும் நமக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு, திறந்திருந்த ஒரே விடுதியில் நேற்று அறை எடுத்தோம். சாப்பாட்டு அறையில் மற்ற மேஜைகளின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எங்களைத் தவிர ஒரு கணவன் மனைவி மட்டும் தங்கியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். வலது காலில் தொடை வரை மாவுக்கட்டு போட்டிருந்தது. அந்த ஆள் அவளை இரண்டு கையிலும் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். என் கணவர் என் காதோரம், "நீ இப்படியெல்லாம் கேட்டுடாதம்மா, என் இடுப்பு தாங்காது" என்றார். நான் சிரித்தேன். கால் என்ன ஆயிற்று என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "மாடிப்படியில உருண்டுட்டா" என்று அந்த ஆள் பதில் சொன்னார். அவள் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு துண்டும் வாயில் போடவில்லை.

இன்று காலை அவர்கள் எங்களுக்கு முன்னால் காரில் கிளம்பிவிட்டார்கள். அதன் பிறகு நாங்கள் கிளம்பினோம். விடுதியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை ஒரு வளைவில் திரும்பிக் கீழே இறங்குகிறது. அங்கிருந்து, படகுகளைத் தண்ணீரில் இறக்கும் சிமெண்டுச் சரிவு முழுவதும் தெரியும். என் கணவர் ஈரச் சாலையில் கண் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கடல் பக்கத்து ஜன்னலில் இருந்தேன்.

அவர்களுடைய கார் சரிவின் மேல் முனையில் கடலைப் பார்த்து நின்றது. அந்த ஆள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து இடுப்பு வரை உள்ளே குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து கதவைச் சாத்தினார். கார் நகர ஆரம்பித்தது. அவர் கத்தவில்லை, கதவைப் பிடிக்கவும் இல்லை. இரண்டு கையையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு, கார் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தபடி நின்றார். நான் "ஏங்க, ஏங்க" என்று போட்ட சத்தத்தில் என் கணவர் ஹாரனை அழுத்தினார். அந்த ஆள் திரும்பி எங்கள் வேனைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஐயோ ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்.

அதன் பிறகு என் கணவர் வேனை நிறுத்தி, ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கார் முன்பக்கம் மூழ்கியிருந்தது. அந்தப் பெண் பின் சீட்டில் இருந்துகொண்டு உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். என் கணவர் மார்பளவு தண்ணீரில் நின்று கண்ணாடியை உடைத்து அவளை வெளியே இழுத்தார். அந்த ஆள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

அதன் பிறகு எங்கள் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின்னால் சலவைத் துணி விரித்து அவளைப் படுக்க வைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஆளும் எங்களுடன் பின்னால் ஏறிக்கொண்டார். ஊறிய மாவுக்கட்டு என் மடியில் கரைந்துகொண்டிருந்தது. அவர், "நீங்க எப்பங்க வந்தீங்க? எங்கேர்ந்து பாத்தீங்க?" என்று கேட்டார். நான், "அப்பதான் வளைவுல திரும்பினோம், ஹாரன் அடிச்சப்பதான் பாத்தேன்" என்றேன். அது உண்மையல்ல. பயத்தில் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் அந்த ஆள் வெளியே போன சமயத்தில் அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அக்கா, பிரேக் தானா நழுவிடுச்சு. அவர் உடனே ஓடி வந்தாருன்னு சொல்லிடுங்க" என்றாள். "நீ பின்னாடிதானேம்மா இருந்த, அவர் என்ன பண்ணாருன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியும்க்கா. எனக்குப் போக வேற இடம் இல்ல" என்றாள். நான் யாரையும் கேட்காமல், "எங்க வீட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு பார்த்தது முழுவதையும் என் கணவரிடம் சொன்னேன். அவர் இன்னும் ஈரத் துணியோடுதான் இருந்தார். "நல்லா யோசிச்சுக்கோ, நான் ரோட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ ஒருத்திதான் பாத்திருக்க. நாளைக்கு அவன் நம்ம கடை வாசல்ல வந்து நின்னா?" என்றார். நான் போய் வேனில் ஏறி உட்கார்ந்தேன். அவரே வேனை ஸ்டேஷனுக்கு ஓட்டி வந்தார்.

கேட்கப்பட்டதற்குச் சொல்கிறேன்: எனக்குப் பார்வையில் குறை கிடையாது. ஊசியில் நூல் கோர்க்க மட்டும் கண்ணாடி போடுவேன். அந்த ஆளை எனக்கு முன்பின் தெரியாது, விரோதமும் இல்லை.

மேலும் சொல்கிறேன்: விபத்து என்று எழுதிக் கொடுக்க அந்த ஆளும் ஸ்டேஷனுக்கு வந்து இப்போது வெளிப் பெஞ்சில்தான் இருக்கிறார், கதவுக் கண்ணாடியில் தெரிகிறார். ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தப் பெண்ணை வேறு இடத்தில் சேர்க்கும்வரை நான் சொன்னதை அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய சம்மதம் இல்லாமல்தான் இதைச் சொல்கிறேன். அவள் என்னைத் திட்டலாம். சற்று முன் என் கணவர் உள்ளே எட்டிப் பார்த்து, "வீட்டுக்குப் போன் பண்ணிட்டேன், தங்கச்சி கீழ் ரூமக் காலி பண்ணி வைக்கிறாளாம். கட்டு போட்ட காலோட மாடி ஏற முடியாதுல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே சொல்லியிருக்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடி சரியாக உள்ளது.

(கையொப்பம்)