கொஞ்சியவரே தடவ வேண்டும்

கப்பல் தாமதம் என்றால் எனக்குக் கோபமே வராது சார். பத்தாங்காஸ் துறைமுகக் கூடத்தில் அன்று எல்லாரும் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்கள். நான் பாட்டுக்கு முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிலரைக் கண்ட மாத்திரத்தில் எனக்கு மனசு லேசாகிவிடும். ஏன், எதற்கு என்று கேட்டால் தெரியாது. எதிர் பெஞ்சில் மரிவிக் என்றொரு சின்னப் பெண். மடியில் ஆறு மாதக் குழந்தை லென்லென். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த வயசில் சுவரைப் பார்த்தும் சிரிக்கும் என்பீர்கள். சொல்பவர்கள் சொல்லட்டும். அவள் சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.

"என் தங்கமே" என்று கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினேன். சற்று நேரத்தில் குழந்தை வீரிட்டு அழுதாள். வயிறு கல்லாக ஊதியிருந்தது. உசோக் பிடித்துவிட்டது. முன்பின் தெரியாதவர் கொஞ்சினால் அப்படித்தான். கொஞ்சியவரே எச்சில் தொட்டுத் தடவினால்தான் இறங்கும்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்கதானே கொஞ்சினீங்க, நீங்களே கொஞ்சம் தடவி விடுங்களேன்."

"அட, இதுக்குப் போய் என்னத்த நெனைக்கிறது? குடுடி இங்க."

கட்டைவிரலை நாக்கில் தொட்டு வயிற்றில் தடவினேன். அழுகை நின்றது. குழந்தையும் தெய்வமும் கொண்டாடுகிற இடத்தில்தானே?

மரிவிக்குக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உங்ககிட்ட எப்பிடி ஒட்டிக்கிட்டா பாருங்க! ஒரு நிமிஷம் வச்சிருங்கக்கா, பால் கலக்க வெந்நீர் வாங்கிட்டு வந்துடறேன்."

பெற்றவளே கொடுத்தாள் சார், நான் பறிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் கப்பலுக்குக் கூப்பிட்டார்கள். அவளுடையது வேறு கப்பல்.

ஏறிக்கொண்டிருக்கும்போது, பின்னால் கூட்டத்தில் "லென்லென்" என்று அவள் கத்துவது கேட்டது. குழந்தை அந்தப் பக்கம் திரும்பி அலறினாள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. குழந்தையின் முகத்தை என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். திமிறினாள். இன்னும் இறுக்கி அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாள்.

அக்கரையில் உங்கள் போலீஸ்காரர்கள் குழந்தையை என்னிடமிருந்து வாங்கும்போதே உடம்பு சில்லிட்டிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் அணைப்பில்தான் மூச்சு நின்றது, மறுக்கவில்லை. கையெழுத்தும் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கப்பலில் வந்த இரண்டு மணி நேரமும் அவள் ஒரு தடவைகூடச் சிணுங்காமல் என் நெஞ்சிலேயே கிடந்தாள். பிடிக்காதவளிடம் எந்தக் குழந்தை சார் அப்படிக் கிடக்கும்?