வெறும் பெட்டிக்கு விலை வைத்தவருக்கு

விலையின் வித்தகரே! எண்களை ஏவல் கொண்ட ஏந்தலே! எப்பொருளின் விலையையும் ஒன்பதில் முடித்தே தீருவதால் ‘ஒன்பதார்’ என்று எங்கள் வாயால் பெயர் வாங்கிய பெருந்தகையே! விலைப்பிரிவு ஊழியர்கள் எல்லோரும் எழுந்து நின்று சொல்லும் வணக்கம்.

இப்படிப்பட்ட மடலைக் குரல்வளம் உள்ள ஒருவர் ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பதே முறை. இன்று வாசிக்கும் குரல் இஸ்திரி போட்ட துணிபோலத் தட்டையாக இருக்கிறது. ஆச்சரியக்குறிகளை அதற்கு வாசிக்கத் தெரியாது. அவற்றை மட்டும் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டுகிறோம். காரணம் பின்னால் வருகிறது.

முப்பத்தொரு ஆண்டுகள்! மூன்றாம் மாடியின் மூலை அறையில் அமர்ந்து, எதிர்க்கட்டிடத்து நிறுவனங்களின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே சன்னல் வழியாக ஆண்ட ஆற்றலே! அச்சுப்பொறியை அடக்க விலைக்கும் கீழே அள்ளிக் கொடுத்து, அதில் ஊற்றும் மைக்குப் பொன்விலை வைத்த புலமையே! எவரும் வாங்க முடியாத ஒரு மாதிரியை நடுவே நிறுத்தி, பக்கத்தில் இருந்ததை மலிவு என்று நம்பவைத்த மாயமே! ‘ரகசியம்’ என்று எழுதிய காகித உறையைத் தேநீர்க் கடையில் மறந்து வைத்ததுபோல் வைத்துவிட்டு, “ஐயோ, போச்சே!” என்று அடுத்த மேசைக்காரர் காதில் விழும்படி புலம்பிய நடிப்பே! அந்த உறையை நம்பி ஒரு போட்டி நிறுவனம் யாருக்கும் வேண்டாத கைக்கடிகாரத்தை ஓராண்டு முழுக்கச் செய்துகொண்டிருந்தது. நாங்கள் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை, அடுத்த உறையை ஒட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய பெட்டியைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது.

எதிர்க்கட்டிடத்தில் இரண்டே அறைகளில் நான்கே பேர் ஒரு கருவி செய்தார்கள். தாளின் எதிரே பிடித்தால் அதில் உள்ளதைப் படித்துச் சொல்லும், பார்வை இல்லாதவர்களுக்கானது. நாற்பது செய்து முடித்தார்கள். பார்வையற்றோர் பள்ளிகள் விலை கேட்டு வரத் தொடங்கின. நம்மிடம் அப்படி ஒரு கருவி கிடையாது. செய்யும் எண்ணமும் கிடையாது. ஆனால் தாங்கள் இருந்தீர்கள். கண்காட்சியில் பளபளக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றை வைத்து, ‘ஆறே மாதத்தில், பாதி விலையில்’ என்று எழுதி மாட்டினீர்கள். தூக்கினால் கனக்க வேண்டும் என்று உள்ளே நான்கு இரும்புத் தகடு.

பள்ளிகள் காத்திருந்தன. எதிரே இருந்தவர்களும் விலையைப் பாதியாக்கிப் பார்த்தார்கள். பதினோராம் மாதம் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம் பெட்டி இன்றுவரை வரவில்லை. பள்ளிகளுக்கு இரண்டுமே இல்லை. தங்களுக்கு மேலிடத்தின் பாராட்டுக் கேடயம் கிடைத்தது. அந்த நால்வரில் தலையாய பொறியாளர், வயிறு என்று ஒன்று இருப்பதால், நம்முடைய பழுதுபார்க்கும் பிரிவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். நாம் எல்லோரும் அக்கா என்று அழைப்பவர் அவர்தான்.

மூன்றாண்டுகளுக்கு முன் தங்கள் கண்ணின் நடுவில் ஒரு கருமை விழுந்தது. விலைப்பட்டியலைப் பெரிதாக்கினோம். பிறகு விரல் நீள எழுத்தில் அடித்துக் கொடுத்தோம். பிறகு நாங்களே வாசித்துச் சொன்னோம். மருத்துவர் கையை விரித்துவிட்டார். பணி ஓய்வு நாளில் பாராட்டு மடலைச் சட்டமிட்டுத் தரப்போகிறோம் என்றபோது, “மாட்டுங்கப்பா, தடவிப் பார்த்துக்கறேன்” என்று சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கியதும், “அதுல ஒரு வரி சேர்க்கணும். பெட்டி காலின்னு. அக்கா இருக்கும்போதே வாசிக்கணும்” என்றீர்கள். பதினோரு ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்டும் சொல்ல வராத வரி அது.

மடல் வரும்வரை பொறுக்கவும் தங்களால் முடியவில்லை. சென்ற வியாழக்கிழமை சாப்பாட்டு அறையில் சொல்லிவிட்டீர்கள்.

“அந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணுமே இல்லம்மா.”

அக்கா டிபன் டப்பாவை மூடினார். “தெரியும் சார். கண்காட்சியிலயே தூக்கிப் பார்த்தேன். கனம் ஒரு பக்கமா ஓடுச்சு.”

“தெரிஞ்சுமா விலையைக் குறைச்சீங்க?”

“வாங்க வந்தவங்க யாரு சார் தூக்கிப் பார்த்தாங்க? விலையைத்தானே பார்த்தாங்க.”

மறுநாள் அவர் துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து தங்கள் மேசையில் வைத்தார். நாற்பதில் முப்பத்தொன்பது பழைய இரும்புக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்த ஒன்று. தாங்கள் தடவிப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், “என்ன விலைம்மா?” என்றீர்கள்.

“விலை போடுறவர் நீங்கதானே சார். நீங்களே சொல்லுங்க.”

முப்பத்தொரு ஆண்டுகளில் முதன்முறையாக ஒன்பதில் முடியும் எண் ஒன்றும் தங்களுக்கு வரவில்லை.

“விக்கிறதுக்கு இல்ல சார், இரவல்தான். மாசா மாசம் கொண்டாந்து காட்டுங்க, பேட்டரி பார்க்கணும். மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க.”

இப்போது வாசித்துக்கொண்டிருப்பது அந்தக் கருவிதான். அதில் உள்ளது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அக்காவின் குரல்.

மேலிடம் அந்த ஒரு வரியை இந்த மடலில் இரண்டு முறை அடித்து நீக்கியது. நாங்கள் மூன்று முறை எழுதினோம்.

ஐயா, தாங்கள் நலமோடு நெடுங்காலம் வாழ வேண்டும். அந்த பேட்டரியும் தங்களோடு வாழ வேண்டும். மாதம் ஒருமுறை படியேறி வாருங்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி வாருங்கள். கண்ணாடி மினுங்கினால் கருவிக்கு எழுத்து தெரியாது என்று அக்கா சொன்னார்; ஆகவே இந்த மடலைக் கண்ணாடி இல்லாமலே சட்டமிட்டிருக்கிறோம். தூசி படியும். துடைத்துவிட்டு எதிரே பிடியுங்கள். எத்தனை முறை பிடித்தாலும் அது இதே குரலில், ஏற்றமோ இறக்கமோ இல்லாமல், தாங்கள் கேட்ட வரியை வாசிக்கும்:

பெட்டி காலி.

கண்கலங்கி வழியனுப்பும்,
விலைப்பிரிவு ஊழியர்கள்

(அக்கா கையெழுத்திடவில்லை. குரல் மட்டும் கொடுத்தார்.)